பந்தக்காலில் ஏறிய தட்டைப்புழு

நான் ஒரு கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்தியவன். காதலோ சொத்துத் தகராறோ அதற்குக் காரணமில்லை. அன்று என் கையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது, தலையில் இரண்டு வருட உயிரியல் படிப்பு இருந்தது. இரண்டில் எது ஆபத்தானது என்று கேட்டால், கத்தரிக்கோலையாவது அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்பேன்.

நிற்கப் பார்த்தது என் சொந்த அக்கா சுமதியின் கல்யாணம். அக்கா சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை ரவி பொந்தியான்காரர். நான்கு வருடம் பேசிப் பேசி இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கிடைத்தது பத்து நாள் விடுப்பு. அதற்கே அவளுடைய மேலதிகாரி, பத்து நாளும் தன் சொந்த ஆயுளிலிருந்து கழிவதுபோல முகத்தை வைத்துக்கொண்டாராம்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. கல்யாணத்துக்காக மலேசியாவில் எங்கள் ஊரான யோங் பெங்குக்கு வந்திருந்தேன். குடும்பத்தில் என்னை ‘சயன்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். (குணா என்று பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் பிறப்புப் பத்திரத்தோடு சரி.) அந்தப் பட்டத்தை நான் சீரியஸாக எடுத்துக்கொண்டதுதான் முதல் தப்பு. யாருக்காவது தும்மல் வந்தால்கூட மூக்கின் அமைப்பை விளக்காமல் விடமாட்டேன். ஆனால் வேலை என்று வந்தபோது என் படிப்புக்கு மரியாதை கொடுத்து அப்பா என்னிடம் ஒப்படைத்தது மண் வாங்கும் வேலை.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலை பந்தக்கால் நட வேண்டும். தாமான் எனப்படும் குடியிருப்பு வரிசையில் இருந்த எங்கள் வீட்டின் வாசல் முழுக்க சிமெண்டு. அதனால் இங்கே பலரும் செய்வதுபோல ஒரு பெரிய பெயிண்ட் வாளியில் மண்ணை நிரப்பி அதில் மூங்கிலை நடுவதாக ஏற்பாடு. நான் சாலையோர நர்சரிக்குப் போய், இருப்பதிலேயே கறுப்பாக, ஈரமாக, செழிப்பாக இருந்த மண்மூட்டையாகப் பார்த்து வாங்கி வந்தேன். பொறுக்கி எடுத்த மண் என்று அம்மாவிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

வியாழன் காலை மூங்கில் நட்டு, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, மாவிலை கட்டி, ஒவ்வொரு சுமங்கலியாக வந்து அடியில் பால் ஊற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் கூரைப்புடவையைக் கொடுத்துவிட்டுப் போக ரவி மாமாவின் அத்தை பாக்கியம் வந்திருந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. வளர்த்தது இந்த அத்தைதான். அந்த வீட்டில் அவர் தலையசைத்தால் கல்யாணம், அசைக்காவிட்டால் கல்யாணமில்லை. அக்காவின் நான்கு வருடத்தில் மூன்று வருடம் அந்தத் தலையசைப்புக்காகப் போனது.

அத்தை பால் ஊற்றக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

வாளி மண்ணிலிருந்து ஒன்று வெளியே வந்து மூங்கிலில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நீளம். மஞ்சள் கலந்த பழுப்பு, முதுகில் நீளக் கறுப்புக் கோடுகள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அதன் தலை விசிறியைப் போல விரிந்திருந்தது. அந்தத் தலையைத் தூக்கி இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, பால் ஊற்றிய இடத்திலிருந்து நிதானமாக மேலே ஏறியது.

“நல்லபாம்புக் குட்டி” என்றார் அத்தை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வாசலில் இருந்த பதினைந்து பெண்களும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்ததில் குத்துவிளக்கு சாய்ந்து, அதை என் அப்பா பிடித்தார். எண்ணெய் முழுக்க அவருடைய புது வேட்டியில்.

பந்தக்காலில் நாகம் ஏறினால் நல்லதா கெட்டதா என்று உடனே பட்டிமன்றம் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் அம்மனே வந்திருக்கிறாள் என்றார். என் சித்தி, தெரிந்தவர் வீட்டில் இப்படித்தான் என்று ஆரம்பித்து, எல்லாரும் முறைத்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். கடைசியில் அத்தை, இது நாக தோஷம், கழிக்காமல் பெண்ணெடுக்க முடியாது, ஆடி போகட்டும், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உள்ளே ஜன்னலுக்குப் பின்னால், முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவை நான் பார்த்தேன். அவள் அழவில்லை. விடுப்பு நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் என்னுள்ளிருந்த சயன்ஸ் விழித்துக்கொண்டது.

எனக்கு அது என்னவென்று தெரியும். போன பருவத்தில்தான் முதுகெலும்பில்லாத உயிரினங்களைப் படித்திருந்தேன். அது நிலத்தில் வாழும் தட்டைப்புழு. பூச்செடி மண்ணோடு ஊர் ஊராகப் போகிற சாதி. (ஆக, கல்யாண வீட்டுக்கு அதைக் காரில் ஏற்றி, முன் இருக்கையில் வைத்துக் கூட்டிவந்தவன் நானேதான்.) தேர்வில் அதன் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். நான் முன்னால் போய் அதை மூங்கிலிலிருந்து வழித்து ஒரு வெற்றிலையில் வைத்தேன். வெறுங்கையால். வாசல் மொத்தமும் மூச்சை இழுத்துப் பிடித்தது. எனக்கு அது கைத்தட்டல்போலக் கேட்டது.

பள்ளியில் அறிவியலை மலாயில் படித்தேன், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில். தமிழில் விளக்க வேண்டி வந்தபோது என்னிடம் இருந்தவை அப்பா லாரி ஓட்டும்போது பயன்படுத்தும் சொற்கள் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு உரையைத் தொடங்கினேன்.

“அத்தை, இது பாம்பு இல்ல. புழு. இதுக்கு எலும்பு இல்ல, ரத்தம் இல்ல, நுரையீரல் இல்ல. தோலாலயே மூச்சு விடும். வெஷம் கெடையாது.”

(விஷம் உண்டு என்று பிற்பாடு படித்தேன். கொஞ்சமாகத்தான். ஆனால் உடம்பை உப்பவைக்கும் பேத்தை மீனில் இருக்கும் அதே விஷம். படித்த அன்று என் கையை மூன்று தடவை கழுவினேன். நான்கு வருடம் தாமதம்.)

அத்தை என்னை நம்பலாமா என்று யோசிப்பது தெரிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“இதுக்கு வாய் தலையில இல்ல, வயித்துக்கு நடுவுல இருக்கு. சாப்பிடுறதும் அந்த ஓட்டையாலதான், வெளிய போறதும் அதே ஓட்டையாலதான். பின்னால தனியா ஒண்ணு கெடையாது.”

பந்தக்காலுக்கு முன்னால், பால் சொம்பும் குங்குமமும் வைத்திருக்கும் இடத்தில் இதைச் சொன்னேன். என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அத்தையின் முகத்தில் இருந்த பயம் போய் அருவருப்பு வந்தது. அந்த அருவருப்பு புழுவைப் பார்த்து வந்ததாகத் தெரியவில்லை. வயிற்றில் வாய் இருக்கும் உயிர் உலகத்திலேயே கிடையாது, என்ன வாய்க்கு வந்ததை உளறுகிறாய் என்றார். படித்த திமிர் என்றும் சித்தியிடம் சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாவிலை வெட்டிய கத்தரிக்கோல் காலடியில் கிடந்தது. பாம்பாக இருந்தால் ரத்தம் வரும், எலும்பு தெரியும், செத்துப்போகும். இது புழு, ஒன்றும் ஆகாது, பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே, வாலிலிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டேன்.

ரத்தம் வரவில்லை. எலும்பும் தெரியவில்லை. நான் சொன்னதெல்லாம் சரி. தலைப் பகுதி விசிறியை ஆட்டியபடி வெற்றிலையை விட்டு இறங்கி அத்தையின் பக்கம் போனது. வால் பகுதி, தனக்குத் தலை இல்லை என்பதையே பொருட்படுத்தாமல், அதன் பின்னால் கிளம்பியது.

அந்த அமைதியை நான் அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் கேட்டதில்லை, துக்க வீடுகள் உட்பட. சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் வேட்டியோடு நின்ற அப்பா வெளியே போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். காரை எடுக்கவில்லை, சும்மா உள்ளே உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது.

“குணா, என்னடா பண்ணித் தொலச்ச?”

அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகியிருந்தது.

பந்தக்காலில் வந்த நாகத்தை வெட்டியவன் என்று சாபம் விடப்போகிறார் என நினைத்தேன். அத்தை அப்படிச் செய்யவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு துண்டுகளையும் வெகுநேரம் பார்த்தார். வால் ஏன் சாகவில்லை என்று கேட்டார். நான், இரண்டு துண்டும் பிழைத்துக்கொள்ளும் அத்தை, வாலுக்குப் புதுத் தலை முளைக்கும் என்றேன்.

“எத்தன நாள்ல?”

புத்தகத்தில் ஒன்றிரண்டு வாரம் என்று போட்டிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஜன்னலில் அக்கா நின்றாள். “மூணு நாள்ல” என்று என் வாய் சொன்னது. (என் வாய் தலையில்தான் இருக்கிறது. இருந்தும் பயனில்லை.)

அத்தை தீர்ப்பு சொன்னார். “ஞாயித்துக்கெழம காலையில பொண்ணழைக்க வருவேன். இந்த வாலுக்குத் தல இருந்தா இது புழு, பொண்ணக் கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா ஆவணிதான்.” சொல்லிவிட்டு, பால் ஊற்றாமலேயே கிளம்பினார்.

சிவப்பு மூடி போட்ட பலகார டப்பா ஒன்றில் ஈரமண் பரப்பி இரண்டு துண்டுகளையும் வைத்தோம். அடுத்த மூன்று நாள், கல்யாண வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் டப்பாவைப் பார்த்தார்கள். கோத்தா திங்கியிலிருந்து வந்த தாத்தா முறை உறவினர் ஒருவர் டப்பாவுக்கு விபூதி போட்டுவிட்டுப் போனார். அம்மா என்னிடம் பேசவில்லை, ஆனால் வேளைக்கு வேளை மண்ணில் தண்ணீர் தெளித்தார். நான் மணிக்கு ஒருமுறை வாலைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை மதியம் வரை வெட்டுப்பட்ட இடம் லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான். அக்கா ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமாகவே தலை வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கையில் மருதாணி போட்டிருந்ததால் புறங்கையால் என் தலையைத் தட்டிவிட்டு எழுந்து போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலை நர்சரிக்கு ஓடினேன். இன்னொரு தட்டைப்புழு, சின்னதாக, தலையோடு ஒன்று கிடைத்தால் வாலுக்குப் பதில் வைத்துவிடலாம் என்பது திட்டம். கடைக்காரச் சீனக் கிழவரிடம் மலாயில், விசிறித் தலை உள்ள புழு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் நான் புகார் செய்ய வந்திருப்பதாக நினைத்து, தன் மண்ணில் எந்தப் புழுவும் கிடையாது என்று சாதித்தார். இருந்தால் தேவலை அங்கிள், வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அதன் பிறகு அவர் என்னைவிட்டு இரண்டடி தள்ளியே நின்றார். ஒன்பது மூட்டையைக் கிளறினோம். ஒன்றுகூட இல்லை.

ஞாயிறு விடிந்ததும், வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் எனக்கு ஒரு மண்புழு கிடைத்தது. ஒல்லியாக, வால் துண்டின் அதே நீளத்தில். அந்த நொடியில் நான் எடுத்த முடிவை என் விரிவுரையாளர்கள் யாரும் மன்னிக்கமாட்டார்கள். தட்டைப்புழு ஒரு தொகுதி, மண்புழு வேறொரு தொகுதி. மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையம், உள்ளே சிவப்பு ரத்தம், வாய்க்கு ஒரு வழி, வெளியேற இன்னொரு வழி. எவ்வளவோ நாகரிகமான பிராணி. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை நிறுத்துவது, மீனைக் கட்டி வைத்துவிட்டு இதுதான் எங்கள் வீட்டு மாடு என்பது போன்றது. ஆனால் பொந்தியான் அத்தைக்கு வகைப்பாட்டியல் தெரியாது என்று கணக்குப் போட்டேன். புதுத் தலை முதலில் இப்படித்தான் கூராக இருக்கும், பிறகுதான் விரியும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆறு மணிக்கு வாலை எடுத்து, கொஞ்சம் ஈரமண் போட்ட காலி மைலோ டின்னில் ஒளித்தேன். மண்புழுவை டப்பாவில் தலைத் துண்டின் பக்கத்தில் விட்டு, மூடியைச் சாத்தி, குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டேன். பரவாயில்லை, தலை இருப்பதால்தான் இப்படி யோசிக்க முடிகிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு அத்தை சீர்த்தட்டுகளோடும் எட்டுப் பெண்களோடும் வந்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றார். முதலில் டப்பா. கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். அக்கா கூரைப்புடவையில், நகையெல்லாம் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தார்.

தட்டைப்புழு எதைச் சாப்பிடும் என்பதும் என் பாடத்தில் இருந்ததுதான். முழு மதிப்பெண் வாங்கிய அதே பக்கத்தில், படத்துக்குக் கீழே, கடைசி வரியில். அது மண்புழுவைச் சாப்பிடும்.

மூன்று நாள் பட்டினி கிடந்த தலைத் துண்டு மண்புழுவைச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. அதன் வயிற்றிலிருந்து, ஆம், வயிற்றிலிருந்து, வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக, பாலாடை போன்ற ஒன்று வெளியே வந்து மண்புழுவின் மேல் போர்த்தியிருந்தது. அதற்கடியில் மண்புழு கரைந்துகொண்டிருந்தது. கடிக்கவில்லை, மெல்லவில்லை. வெளியிலேயே கூழாக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தது. படத்தில் வரைந்தபோது அந்தக் குழாய் எனக்கு அழகான அம்புக்குறியாகத் தெரிந்தது. நேரில் பார்த்தபோது காலையில் குடித்த தேநீர் மேலே வந்தது. எட்டுப் பெண்களும் பார்த்தார்கள். ஒருவர் சீர்த்தட்டிலிருந்த ஆப்பிளைக் கீழே போட்டார்.

அத்தை மட்டும் முகத்தை எடுக்கவில்லை. ஒரு முழு நிமிடம் பார்த்தார்.

“இதுதான் வாயா?”

“ஆமா அத்தை.”

“வயித்துல.”

“ஆமா.”

“தின்னது எந்த வழியா வரும்னு சொன்ன?”

“அதே வழிதான் அத்தை.”

அவர் மூடியைச் சாத்தினார். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார், டப்பாவைத்தான் தொட்டிருந்தார் என்றாலும். “இது பாம்பு இல்ல” என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. “பாம்பு எவ்வளவு பொல்லாததா இருந்தாலும் இவ்வளவு கேவலமா சாப்பிடாது. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, பொண்ண வரச் சொல்லுங்க.”

கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது நான் அழுதேன். பாசத்தில் அழுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாதி பயம் தெளிந்த அழுகை. பந்தியில் அத்தைக்கு நான்தான் ரசம் ஊற்றினேன். அவர் இலையைப் பார்த்தபடியே, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

“ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப தெனமும் தூண்டில்ல மாட்டி மீன் புடிச்சிருக்கேன். மண்புழுவ எனக்கே தெரியாதுன்னு நெனச்சியா?”

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. கல்யாணம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன்.

“வயித்துல வாய்னு சொன்னது நெசமாயிருச்சு. மத்தது பொய்யாவே இருக்கட்டும். அக்காவுக்காக ஒரு பய எந்தச் சேத்துலயோ கைய விட்டு புழு எடுத்திருக்கான். அந்த வீட்டுல பொண்ணெடுத்தா தப்பில்லன்னு தோணுச்சு.” அப்புறம் ரசம் போதும் என்றார். நான் சமையல்கட்டுக்குப் போய் இரண்டாவது தடவை அழுதேன். அதில் பயம் துளியும் இல்லை.

வால் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதை நான் மறந்தே போனேன். பத்தாம் நாள் அம்மா மைலோ கலக்கப் போய் போட்ட கூச்சலில்தான் நினைவு வந்தது. டின்னுக்குள் வாலுக்குத் தலை வந்திருந்தது. சின்னதாக, வெளுப்பாக, ஆனால் சரியான விசிறி. புகைப்படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். “இப்ப எதுக்கு?” என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் அதன் பிறகு மைலோ வாங்குவதில்லை.

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஜொகூர் பாருவில் அக்காவுக்குப் பிரசவம். காலையில் என் கைப்பேசி அடித்தது. அத்தை. அம்மாவைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

“ரெட்டப் புள்ளடா. ரெண்டும் பொண்ணு. அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணாவே இருக்கு. எங்க பரம்பரையிலயும் கெடையாது, உங்க பரம்பரையிலயும் கெடையாது. பந்தக்கால்ல ஒண்ண ரெண்டாக்குனது யாரு?”

அப்போது நான் பட்டம் வாங்கி முடித்திருந்தேன், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. விடுவேனா? அத்தை, அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, இரட்டைக் குழந்தைக்கு விஞ்ஞானக் காரணம் இருக்கிறது, டாக்டரையே கேளுங்கள் என்றேன். பக்கத்தில்தான் நிற்கிறார், கேட்டுவிட்டேன் என்றார் அத்தை.

“ஒரே கருதானாம். உள்ள ரெண்டாப் பிரிஞ்சு, ரெண்டும் தனித்தனியா முழுசா வளந்திருச்சாம்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. உயிரியலில் அதுவரை படித்த எதுவும் உதவிக்கு வரவில்லை.

பிள்ளைகளுக்கு இப்போது ஆறு வயது. பொந்தியான் பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும், தோரணம் கட்டவோ ரிப்பன் வெட்டவோ யாராவது தெரியாமல் என்னிடம் கத்தரிக்கோலை நீட்டிவிடுவார்கள். கூட்டத்தின் எந்த மூலையிலிருந்தாலும் அத்தையின் குரல் வந்துவிடும்.

“அவன் கையில குடுக்காதீங்க. எங்க வீட்டுல இருக்கிற ரெண்டையே சமாளிக்க முடியல.”